வடக்கே சாயும் நிழல்

வீட்டைச் சுற்றி ஒரு தோட்டம் - 3

ஆடி பிறந்துவிட்டால் நர்சரிகளில் கூட்டம் கூடிவிடுகிறது. கத்திரி, மிளகாய், தக்காளி நாற்று வாங்கிப் போகிறவர்களிடம், எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். "வீட்டுக்கு வடக்கால கொஞ்சம் இடம் சும்மா கிடக்கு. அங்கதான் நல்லா வெயில் அடிக்குது" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆடியில் வடக்குப் பக்கம் வெயில் நன்றாகவே அடிக்கிறது. ஐப்பசியில் அந்த வெயில் அங்கே இருக்காது என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த கத்திரி, காய்க்க வேண்டிய நேரத்தில் நெடுநெடுவென்று உயர்ந்து, இலை வெளிறி, பூவை உதிர்த்துவிட்டு நிற்கும். உரம் போதவில்லையோ என்று உரம் வைப்பார்கள். பூச்சியோ என்று வேப்பெண்ணெய் கரைத்துத் தெளிப்பார்கள். கடைசியில், "நமக்குக் கைராசி இல்லை" என்று செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் தோட்டம் என்ற பேச்சே எழாது. இந்தக் கைராசிப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. சூரியன் தெற்கே நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே இந்த வாரம் விதை, நாற்று, உரம் எதையும் தொடப்போவதில்லை. வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே போகிறது, இந்த இரண்டையும் பார்த்துவிடுவோம். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் செலவிட வேண்டியது இதற்கான நேரத்தைத்தான்.

தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், நண்பகல் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில். அதன் பிறகு அது நமக்கு வடக்கே போய்விடுகிறது. வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் உச்சிவெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழுகிறது. வீட்டின் நிழல் தெற்கே கொஞ்சமாக விழும். ஆவணி பிறக்கும் வேளையில் சென்னையில் சூரியன் மறுபடி தலைக்கு மேல் வந்து, தெற்கே இறங்கத் தொடங்குகிறது. குமரியில் இது செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும். அடுத்த சித்திரை வரை சூரியன் தெற்கில்தான். மார்கழியில் அது தெற்கின் எல்லைக்கே போய்விடும்.

அப்போது வீட்டின் நிழல் எவ்வளவு தூரம் விழும்? சென்னையில், டிசம்பர் கடைசி வாரத்தில், நண்பகல் நிழலின் நீளம் சுவரின் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 20 அடி உயரமுள்ள மாடி வீடென்றால் வடக்கே 15 அடி வரை நிழல். குமரிப் பக்கம் இதுவே 12 அடியாக இருக்கும். ஜூன் மாதத்தில் அதே சென்னை வீட்டின் நண்பகல் நிழல் தெற்கே 4 அடியைத் தாண்டாது. நகரங்களில் வீட்டுக்கு வடக்கே எத்தனை பேருக்கு 15 அடி இடம் இருக்கிறது? 5 அடியோ 6 அடியோதான். ஐப்பசியிலிருந்து மாசி வரை அந்த இடம் முழுக்க நிழல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடு மட்டும் கணக்கில்லை. தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியிருந்தால் அவர் வீட்டின் உயரம் 32 அடியாவது இருக்கும். அதில் முக்கால் பங்கு 24 அடி. இடையில் உள்ள இடைவெளி 8 அடி என்றால், அவர் வீட்டு நிழல் உங்கள் தெற்கு வாசலையும் தாண்டிச் சுவரில் ஏறி நிற்கும். இதைச் செடி வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சுவரின் உயரத்தை அளந்து முக்காலால் பெருக்கினால் மார்கழி நிழல் எவ்வளவு என்று இன்றைக்கே சொல்லிவிடலாம்.

இனி திசைவாரியாகப் பார்ப்போம். வீட்டுக்குக் கிழக்கே இடம் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஆண்டு முழுக்கக் காலை வெயில் கிடைக்கும். மதியத்துக்குப் பிறகு வீட்டின் நிழல் செடிக்குக் குடை பிடிக்கும். நம் ஊர்க் கோடைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கீரை, மிளகாய், கொத்தமல்லி, ரோஜா எல்லாம் இங்கே வரும். முதல் பாத்தியை எங்கே போடுவது என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: கிழக்கே போடுங்கள்.

தெற்குப் பக்கம் ஐப்பசி முதல் பங்குனி வரை வெயில் நின்று காயும் இடம். ஆடிப்பட்டத்தில் விதைத்து, மழை முடிந்த பிறகு காய்ப்பவற்றை இங்கே வைக்க வேண்டும். பந்தல் அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு அவரை, பகல் பொழுது குறையும்போதுதான் பூ எடுக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஐப்பசி, கார்த்திகை வரை கொடியாகவே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதற்கு வெயில் தேவைப்படுவது அந்தப் பனிக்காலத்தில்தான். அதைக் கொண்டுபோய் வடக்குச் சுவரோரம் ஊன்றினால் இலையைத்தான் பறிக்கலாம். அவரை, புடலை, பீர்க்கன், பாகல் எதுவானாலும், பந்தலைப் பாத்திகளுக்கு வடக்கு ஓரத்தில் கட்டுங்கள். அப்போதுதான் பந்தலின் நிழல் மற்ற செடிகள் மேல் விழாது.

மேற்குப் பக்கம் கடுமையானது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் வெயிலும் சுவரிலிருந்து வீசும் அனலும் சேர்ந்து இளஞ்செடியை வாட்டிவிடும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளி பிஞ்சு பிடிக்காமல் பூவைக் கொட்டும். அங்கே தக்காளியோடு மல்லுக்கட்டுவதை விட, அந்த வெயிலைத் தாங்குகிற செடிகளை முன்னால் நிறுத்துவது மேல். கோவைக்காய்க் கொடி, சங்குப்பூ, செம்பருத்தி வேலி, இடம் இருந்தால் சற்றுத் தள்ளி ஒரு முருங்கை. செடி வளர்வதோடு, அந்தப் பக்கத்து அறையின் சூடும் குறையும்.

சரி, வடக்கு? அதை வீண் இடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெற்றிலைக் கொடிக்கு நிழல் பிடிக்கும். இஞ்சி, மஞ்சள், சேம்பு, புதினா, கற்பூரவள்ளி, கனகாம்பரம் இவையெல்லாம் பாதி நிழலில் நன்றாகவே வரும். காய்க்கும் செடிக்கு நாளுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைக்கு 4 மணி நேரம் கிடைத்தால் ஓரளவு போதும். இலையை உண்கிறோமா, காயை உண்கிறோமா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மாடியில் தொட்டி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை; பங்குனி முதல் ஆனி வரை நிழல்வலை கட்ட வேண்டிவரும். ஆனாலும் தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி உள்பக்கம் தரையில் வைக்கும் தொட்டிகள் மார்கழியில் அந்தச் சுவரின் நிழலில் முடங்கிவிடும். ஒரு ஸ்டாண்டு போட்டு உயர்த்தினால் போதும். இன்னொன்று, மாடியில் வெறும் மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டாதீர்கள். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 அடி உயரத்துக்கு நனைந்த மண் ஏறக்குறைய அரை டன் எடை. கட்டடம் அதைத் தாங்குமா என்று பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து தண்ணீர். மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, மாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அஸ்திவாரத்தை விட்டு விலகி ஓட வேண்டும். 10 அடிக்கு 2 அங்குலம் சரிவு இருந்தால் ஓடிவிடும். வீட்டுச் சுவரை ஒட்டியே பாத்தி கட்டித் தினமும் தண்ணீர் ஊற்றினால் ஈரம் சுவரில் ஏறும். சுவரிலிருந்து 2 அடியாவது தள்ளிக்கொள்ளுங்கள்.

மண் தண்ணீரைக் குடிக்கிறதா என்று அறியவும் எளிய வழி இருக்கிறது. 1 அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓரிரு அங்குலம் இறங்கினால் நல்ல இடம். 1 அங்குலம்கூட இறங்காவிட்டால் அங்கே வேர் அழுகும். பாத்தியை முக்கால் அடி மேடாக்கித்தான் நட வேண்டும். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் சில இடங்களில் ஊற்றிய தண்ணீர் மாயமாக மறைந்துவிடும். அது மணல். அதற்குத் தொழு உரமும் காய்ந்த இலைதழை மூடாக்கும்தான் மருந்து.

குழி வெட்டும்போது இன்னொன்றும் தெரியவரும். புது வீடுகளைச் சுற்றி அரை அடி ஆழத்திலேயே செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, ஓட்டுச் சில்லு எல்லாம் வரும். கட்டட வேலை முடிந்ததும் மேலே ஒரு லோடு செம்மண்ணைப் பரப்பி மூடிவிட்டுப் போயிருப்பார்கள். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். அதில் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இளந்தளிர் மஞ்சளாகிப்போவது அதனால்தான். மரக்கன்று வைப்பதானால் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடியாகக் குழி எடுத்து, இடிபாடுகளை முழுக்க அள்ளி வெளியே போட்டுவிட்டு, செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் கூடாது. பிறகு எத்தனை உரம் வாங்கிக் கொட்டினாலும் இதற்கு ஈடாகாது.

மரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலை வீட்டுச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருந்தால் போதும். முருங்கைக் கிளை காற்றில் முறிந்து விழும். மின்கம்பிக்கும் வீட்டுக்கும் எட்டாமல் 10 அடியாவது தள்ளி வையுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் வாழையும் கல்வாழையும் வைக்கலாம். அந்தத் தண்ணீரில் கீரை போடாதீர்கள். தோப்பில் தென்னைக்குத் தென்னை 25 அடி விடுகிறார்கள். இரண்டு சென்ட் மனையில் மூன்று தென்னை வைக்க நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆலும் அரசும் சுவரிடுக்கில் தானாக முளைத்தால், கையால் பிடுங்க வரும்போதே பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீடு கட்டி முடித்ததும், சேறு ஆகிறது, குப்பை சேர்கிறது என்று சொல்லிச் சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டுவிடுகிறார்கள். நகரத்தில் மட்டுமல்ல, கிராமங்களிலும் இப்போது இதுதான் வழக்கம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 20 அடிக்கு 10 அடி வாசலில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். மண்ணாக இருந்தால் அதில் பெரும்பகுதி உள்ளே இறங்கும். சிமெண்டாக இருந்தால் தெருவுக்குப் போய்ச் சாக்கடையில் கலக்கும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. பிறகும் பல வீடுகளில் அந்தக் குழாய் ஒப்புக்குத்தான் நிற்கிறது. வாசலை மண்ணாக விட்டுவைப்பதைவிட மலிவான சேகரிப்பு வேறில்லை.

நடக்கும் இடத்தில் மட்டும் கல் பதியுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 2 அங்குலம் இடைவெளி விட்டுப் புல் வளரவிடுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் சக்கரம் ஏறும் இரண்டு பட்டைகள் மட்டும் சிமெண்டாக இருக்கட்டும். மாடிக் குழாய் கொட்டும் இடத்தில் ஒரு குழி எடுத்து, அடியில் உடைகல்லும் மேலே ஜல்லியும் மணலும் போட்டால் அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அதையும் அஸ்திவாரத்தை விட்டு நன்றாகத் தள்ளியே எடுங்கள். ஏற்கெனவே சிமெண்ட் போட்டுவிட்டீர்களா? காம்பவுண்டு சுவரோரம் 2 அடி அகலத்துக்கு உடைத்து எடுத்துவிடுங்கள். ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. அந்த 2 அடியில் ஒரு கறிவேப்பிலையும் ஒரு வரிசை செம்பருத்தியும் வைக்கலாம்.

அடுத்த வாரம் மண் கலவைக்குப் போகிறோம். அதற்குள் ஒரு தாளில் உங்கள் மனையை வரைந்து, நான்கு திசைகளையும் குறியுங்கள். காலை 9, நண்பகல் 12, பிற்பகல் 3 மணிக்கு எங்கெங்கே வெயில் விழுகிறது என்று வண்ணப் பென்சிலால் தீட்டுங்கள். தெற்கே உள்ள சுவர்களின் உயரத்தை எழுதி, அருகிலேயே மார்கழி நிழலையும் கணக்கிட்டு வையுங்கள். தண்ணீர் ஓடும் வழியை அம்புக்குறியால் காட்டுங்கள். செப்டிக் டேங்க், சம்ப், மின்கம்பி மூன்றையும் மறக்காமல் குறியுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் நர்சரிக்குப் போகாதீர்கள்.