மஞ்சள் துணியில் முடிந்த காசு

கபடியிலோ கால்பந்திலோ மூட்டு ஜவ்வு கிழிந்த பிள்ளைக்கு அந்த ஆண்டின் ஆட்டம் அத்தோடு முடிந்தது. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் குறுக்காக இழுத்துப் பிடித்திருக்கும் இந்த ஜவ்வை மருத்துவர்கள் ஏசிஎல் என்பார்கள். அது அறுந்துபோக எதிராளி இடிக்கக்கூட வேண்டாம். ஓடிய வேகத்தில் சட்டென்று நின்று திரும்பினாலே போதும். உள்ளே 'டப்' என்று ஏதோ விட்டுப்போகும். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும். முழுக்கக் கிழிந்தது தானாக ஒட்டுவது அரிது. பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்து தசைநாணை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். மறுபடி களமிறங்க ஒன்பது மாதமாவது ஆகும். அவசரப்பட்டு அதற்கு முன் ஆடினால் மீண்டும் கிழியும் ஆபத்து கூடுதல்.

பெற்றோரை நோகடிப்பது அறுவை சிகிச்சையைவிட இந்த ஒன்பது மாதம்தான். பள்ளி விளையாட்டு குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும். 14, 17, 19 என்று வயதுப் பிரிவுகள் உண்டு. 17 வயதுப் பிரிவின் கடைசி ஆண்டைத் தவறவிட்டவனுக்கு அடுத்த ஆண்டு அந்தப் படி இருக்காது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவினருக்குத் தனி இடங்கள் இருப்பதால் ஒரு சான்றிதழ் போவது கல்லூரி இடமே போவதுபோல் ஆகிவிடும். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் சுற்றுவட்டாரத்தில் மாந்தோப்பிலும் காட்டிலும் கூலி வேலை பார்த்துப் பிள்ளைக்கு ஷூ வாங்கிக் கொடுத்த வீட்டில், படுத்திருப்பது ஒரு கால் மட்டும் அன்று.

மருத்துவருக்குச் சில மணி நேர வேலை. பிசியோதெரபி தினமும் அரை மணியோ ஒரு மணியோ. மீதிப் பொழுது முழுக்கக் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் பெற்றவர்களின் கைக்கு ஒரு வேலை கொடுப்பது நேர்த்திக்கடன். தாய் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைக்கிறாள். "ஆத்தா, எம்புள்ள கால் நல்லாகட்டும், உனக்குப் பூக்குழி எறங்குறேன்" என்று சொல்லி முடிச்சைப் போடும்போது, பிடிக்க எதுவுமில்லாமல் கிடந்த கவலைக்கு ஒரு பிடி கிடைத்துவிடுகிறது. யாரிடம் ஒப்படைத்தோம், என்ன தருவதாகச் சொன்னோம், எப்போது தருவோம் என்ற மூன்றும் அந்த முடிச்சுக்குள் இருக்கின்றன.

'எப்போது' என்பதற்கு நத்தத்தில் விடை மாசி. மாரியம்மன் கோயிலின் மாசிப் பெருந்திருவிழாவில் கரந்தமலையிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து, காப்புக் கட்டி, மஞ்சள் உடுத்தி விரதம் தொடங்குவார்கள். பால்குடம், அக்கினிச்சட்டி, இளைஞர்கள் போட்டியிட்டு ஏறும் வழுக்கும் கழுமரம் எல்லாம் கடந்து பூக்குழியில் பக்தர்கள் இறங்குவார்கள். ஆகஸ்டில் அடிபட்டு செப்டம்பரில் அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளைக்கு, மாசி பிறக்கும்போது ஐந்து மாதம் கடந்திருக்கும். ஊன்றுகோலை விட்டு, நடை சீராகி, நேர்க்கோட்டில் மெல்ல ஓடிப் பார்க்கும் கட்டம் அது. கோயிலின் நாட்காட்டியும் மூட்டின் நாட்காட்டியும் இப்படி அருகருகே வருவது தற்செயல்தான். ஆனால் தொலைவில் ஒரு நாளை வைத்து எண்ணிக்கொண்டே போவது, முடிவு தெரியாத காத்திருப்பைவிடத் தாங்கக்கூடியது.

இந்த வேண்டுதலில் உடலை வருத்துவது தாயோ தகப்பனோ, பிள்ளை அன்று. அம்மன் வழிபாட்டில் இதற்கு ஆழமான வேர் உண்டு. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதீகம். அந்த நாட்களில் தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் போன்றவைதான். பக்தர்களின் நலனுக்காகத் தெய்வமே பட்டினி கிடக்கிறது என்று நம்பும் ஊரில், பிள்ளைக்காக ஒருவேளைச் சோற்றை விடும் தாய் தனியாக இல்லை. வேளாங்கண்ணிக்கு நடக்கும் தகப்பனும், தர்காவில் கயிறு கட்டிக்கொண்டு வரும் தாயும் இதே ஆறுதலைத்தான் தேடுகிறார்கள்.

வேண்டுதலும் காயமும் பெரிய ஆட்டக்காரர்களுக்கும் உண்டு. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் டி.என்.பி.எல். கிரிக்கெட்டால் ஊருக்கு வெளியேயும் பெயர் பெற்றது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு 2016இல் ஆடிய சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகித் திரும்பியதும், 2021 ஜனவரியில் இதே மாவட்டத்துப் பழனியில் மொட்டை போட்டு நேர்த்திக்கடன் செலுத்தினார். மூன்றே மாதத்தில் முழங்கால் காயம். அந்த ஐ.பி.எல். பருவத்தில் இரண்டு ஆட்டங்களோடு விலகி, ஏப்ரலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். முடி இறக்கியவனுக்கே இப்படியா என்று கேட்கத் தோன்றும். முருகன் கைவிட்டதாகப் பொருள் கொள்ளத் தேவையில்லை. அடுத்த ஆண்டு ஐ.பி.எல்லில் அவர் 18 விக்கெட் எடுத்தார். 2024இல் திண்டுக்கல்லுக்குக் கோப்பை வென்று தந்த அஸ்வினும், 14 வயதில் இடுப்புப் பகுதியில் அடிபட்டு நெடுநாள் ஆட முடியாமல் கிடந்தவர். தொடக்க மட்டையாளராகவும் மிதவேகப் பந்துவீச்சாளராகவும் இருந்த சிறுவன் சுழற்பந்துக்கு மாறியது அதற்குப் பிறகுதான்.

துன்பத்தில் மனிதர்கள் கடவுளோடு எப்படி உறவாடுகிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் விரிவாக ஆராய்ந்தார். அவர் பிரித்துக் காட்டிய வகைகளில் இரண்டு இங்கே பொருந்தும். எல்லாவற்றையும் கடவுள் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது ஒன்று. கடவுளைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு தன் பங்கைத் தானும் செய்வது இன்னொன்று. இரண்டாவதே பொதுவாக நல்ல பலன் தருகிறது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. நத்தத்துத் தாய் விடிகாலையில் விளக்கேற்றிவிட்டு, மகனைக் கால் நீட்டி மடக்கும் பயிற்சிக்கு எழுப்புகிறாளே, அதுதான் இந்த இரண்டாவது வகை.

நம்பிக்கை திரும்பிக் கடிக்கும் இடத்தையும் பார்கமென்ட் கண்டார். இது தண்டனை என்று எண்ணுகிறவர்களின் மனம் மேலும் நொடிகிறது. நம்மூரில் அதற்குப் பெயர் தெய்வக்குத்தம். போன வருடம் செலுத்தாமல் விட்ட கடன், தீட்டோடு கோயிலுக்குள் போனது, குலதெய்வத்தை மறந்தது என்று உறவுக்காரர் ஆளுக்கொன்று சொல்ல, திடலில் கால் திரும்பிய ஒரு நொடிக்குத் தாய் குற்றவாளி ஆகிவிடுகிறாள். அவளுக்கு இழைக்கப்படும் கொடுமை இது. பக்தியின் பெயரால் நடப்பதால் யாரும் தடுப்பதில்லை.

உடலுக்கு வரும் கேடுகளும் உண்டு. ஜவ்வுக் கிழிசல் எக்ஸ்ரேயில் தெரியாது; எம்.ஆர்.ஐ. வேண்டும். 'எலும்பு உடையலையே' என்று எண்ணெய் பூசி மூங்கில் பத்தை கட்டிவிட்டு, வீக்கம் வடிந்ததும் ஆட விட்டால், பிடிப்பில்லாத மூட்டு மறுபடி மறுபடி நழுவி உள்ளேயிருக்கும் குருத்தெலும்பும் சிதையும். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் நத்தம் வழியாகப் போவார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தானும் நடப்பதாகச் சொல்லும் பிள்ளையை, ஜவ்வு வைத்து நாலு மாதத்தில் அனுப்பக் கூடாது. வேண்டுதலைத் தள்ளிவைக்கலாம், பெற்றவரே பிள்ளைக்குப் பதில் நடக்கலாம். வழக்கத்திலேயே இதற்கு இடமிருக்கிறது.

கடன் கழிக்கும் முறைகளில் ஒன்று, நோய் வந்த உறுப்பின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கிப் போடுவது. கோயில் வாசல் கடைகளில் கண், கை, கால் என்று தகடுகள் கிடைக்கும். கால் தகட்டில் விரல் தெரியும், முழங்கால் லேசாகப் புடைத்திருக்கும். தகட்டை வாங்கும்போது, அணியில் இடம் கிடைத்ததா, மாவட்டத்தில் ஜெயித்தானா என்று எவரும் கேட்பதில்லை. கால் ஊன்றி நடந்து பிள்ளை கூட வந்திருந்தால் அதுவே போதும். தாய் மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, அந்த ஒரு ரூபாயையும் தகட்டோடு சேர்த்து உண்டியலில் போடுகிறாள்.