இளைஞர் திறன் வளர்ச்சியும் நம் சங்கங்களின் கடமையும்

கூட்டுறவுச் சங்கம் என்றால் நூல் வாங்கிக் கொடுப்பதும், பயிர்க்கடன் வழங்குவதும், தவணை தவறினால் அறிவிப்பு அனுப்புவதுமே என்று நம்மில் பலர் எண்ணி வருகின்றனர். இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தோர் அவ்வாறு எண்ணவில்லை. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு பண்டகசாலையைத் தொடங்கினர். அவர்களுள் பலர் கம்பளித்துணி நெய்யும் நெசவாளர்கள். வயிற்றுப் பாட்டுக்கே வழியின்றித் தொடங்கிய அவர்கள், சில ஆண்டுகளுக்குள் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினரின் கல்விக்கென ஒதுக்கலாயினர். படிப்பகமும் நூல்நிலையமும் நடத்தினர். நெசவாளர் சங்கம் நடத்துவோர்க்கு இதனினும் நெருங்கிய முன்மாதிரி வேறில்லை.

நம் திருவள்ளூர் மாவட்டமும் இவ்வியக்கத்தில் பின்தங்கியதன்று. நாட்டின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் எனப் போற்றப்படுவது 1904 ஆகஸ்டு 30-ஆம் நாளில் பதிவான திரூர்ச் சங்கமேயாகும். அத்தகைய மண்ணில் வாழும் நாம், அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளின் தொழிற்பயிற்சி குறித்து யாது செய்கிறோம் என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

இரு வாயில்கள்

பெரியபாளையத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஆரணியாற்றை ஒட்டி நெல்லும், மேட்டு நிலத்தில் வேர்க்கடலையும் பூச்செடிகளும் விளைகின்றன. அருகேயுள்ள ஆரணிப் பேரூரில் கைத்தறி ஒலி இன்னும் கேட்கிறது. வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்துள்ளன. தேர்வாய்க்கண்டிகையில் டயர் முதலியவற்றைச் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. காலையிலும் மாலையிலும் கம்பெனிப் பேருந்துகள் நம் ஊர்ச் சாலைகளில் ஆட்களை ஏற்றியும் இறக்கியும் செல்வதை யாவரும் அறிவர்.

இவ்வாலைகளுக்குள் நம் பிள்ளைகள் இரு வாயில்கள் வழியாகப் புகுகின்றனர். ஒன்று, தொழிற்சான்றிதழ் பெற்றுப் பிட்டராகவோ எலக்ட்ரீசியனாகவோ சேர்வது. மற்றொன்று, காண்டிராக்டர் மூலம் உதவியாளாகச் சேர்வது. பின்னவர் செய்யும் உழைப்பு முன்னவரினும் குறைவன்று. பல சமயம் மிகுதியே. ஆயினும் ஆலையில் வேலை குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் அவரே. பத்தாண்டு கழிந்தாலும் அவர் கையில் தொழில் அறிந்தவர் என்று காட்ட ஒரு தாள் இராது. தறியை விட்டும் ஏரை விட்டும் சென்ற பிள்ளை இரண்டாம் வாயிலிலேயே நின்றுவிடுவானாயின், குடும்பம் பழைய தொழிலையும் இழந்து, புதிய தொழிலையும் பெறாமற் போகும். நாம் அஞ்ச வேண்டுவது இதற்கே.

திட்டத்தின் அமைப்பு

இக்குறையைப் போக்கும் பொருட்டுத் தமிழக அரசு 2022 மார்ச் 1-ஆம் நாள் ‘நான் முதல்வன்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆண்டுதோறும் 10 லட்சம் இளைஞர்களைத் திறனுடையோராக்குவது இதன் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இதனை நடத்தும் பொறுப்பை ஏற்றது.

இத்திட்டம் பல படிகளாய் அமைந்தது. அரசுப் பள்ளிகளில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவருக்கு, எப்படிப்புக்குப் பின் எத்தொழில் உண்டு என்னும் வழிகாட்டுதல் அளிப்பது முதற்படி. பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாடத்தோடு சேர்த்துத் தொழிற்சாலைகள் வேண்டும் திறன்களைக் கற்பிப்பது அடுத்த படி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் மேற்படிப்பில் சேராதோரைத் தேடிச் சேர்க்க ‘உயர்வுக்குப் படி’ என்னும் முகாம்கள் நடத்தப்பட்டன. மத்திய அரசின் குடிமைப்பணித் தேர்வு எழுதுவோருள் 1,000 பேரைத் தெரிந்தெடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் உதவும் ஏற்பாடு 2023-இல் வந்தது. 2025 ஏப்ரலில் வெளியான முடிவில் இத்திட்டத்தின் துணை பெற்ற 50 பேர் தேறினர் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

இவற்றோடு, அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், ஆண்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்றும் தொடங்கப்பட்டன. இத்தொகை கல்லூரியிற் சேர்வோருக்கு மட்டுமே என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர்வோருக்கும் உரியதாகவே அது அமைக்கப்பட்டது.

விடுபட்டோர் யார்?

இனி நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். மேற்கூறிய படிகளில் பெரும்பாலானவை பள்ளியின் வழியாகவோ கல்லூரியின் வழியாகவோ இளைஞரைச் சென்று அடைவன. பள்ளியில் பெயர் இருந்தால் ஆசிரியர் அழைத்துச் சொல்வார். கல்லூரியில் பெயர் இருந்தால் அறிவிப்புப் பலகையில் வரும். ஆனால் பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறித் தந்தையின் தறியில் உட்கார்ந்த பிள்ளையின் பெயர் எப்பதிவேட்டில் உள்ளது? பாவு புணைக்கவும் தார் சுற்றவும் வீட்டிலேயே தங்கிவிட்ட பெண்ணை யார் அழைத்துச் சொல்வர்? களத்து மேட்டில் நிற்கும் இருபது வயது வாலிபனுக்கு அறிவிப்புப் பலகை எது?

இவ்வகையினரையும் கருதியே 2025 ஜூலை 1-ஆம் நாள், 18 முதல் 35 வயது வரை உள்ளோருக்குக் குறுகிய காலப் பயிற்சியளிக்கும் ‘வெற்றி நிச்சயம்’ திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும், திட்டம் இருப்பது வேறு. அது வேண்டியவன் காதுக்கு எட்டுவது வேறு. அவ்வீட்டின் பெயர் தவறாமல் எழுதப்பட்டுள்ள ஏடு ஒன்றுண்டு. அது நம் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேடு. ஆகவே, பள்ளியும் கல்லூரியும் கைவிட்ட இளைஞனுக்கு வாயிலாக நிற்கத் தக்கது கூட்டுறவுச் சங்கமே என்பது நமது துணிபு.

தொழிற்பயிற்சியும் பழகுநர் பயிற்சியும்

அங்கத்தினர்கள் அடிக்கடி ஐயுறும் இரண்டு செய்திகளை இங்கு விளக்குதல் நலம்.

முதலாவது, தொழிற்பயிற்சி நிலையம். பிட்டர், எலக்ட்ரீசியன் ஆகிய பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டு. வெல்டர் பிரிவு ஓராண்டே. வெல்டர், வயர்மேன் முதலிய சிலவற்றில் எட்டாம் வகுப்புத் தேறினோரும் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரவும் வழியுண்டு. எனவே, தொழிற்பயிற்சியோடு படிப்பு முடிந்துவிடும் என்று வருந்த வேண்டியதில்லை. நம் பகுதியினருக்கு அம்பத்தூரில் அரசு நிலையம் உள்ளது. 2022-இல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி மாநிலத்தின் 71 அரசு நிலையங்களைப் புதுப்பிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. கணினியால் இயங்கும் கடைசல் எந்திரம், எந்திரக்கை, மின்சார வாகனம் ஆகியவை அதன் பாடங்களில் இடம் பெற்றன.

இரண்டாவது, தொழில் பழகுநர் பயிற்சி. இதற்கான சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 2019-ஆம் ஆண்டு திருத்திய விதிகளின்படி, 30 பேருக்குக் குறையாமல் பணியாட்களைக் கொண்ட நிறுவனம், அத்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநரைச் சேர்த்தல் கடமையாகும். பழகுநருக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு; முடிவில் தேர்வெழுதித் தேசியச் சான்றிதழும் பெறலாம். எனவே, ‘பழகுநர் வேலை’ என்று சொல்லிச் சேர்ப்போரிடம், ஒப்பந்தம் முறைப்படி பதிவு செய்யப்படுமா என்று கேட்க வேண்டும். பதிவு இல்லையெனில் அது பயிற்சியன்று. குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பதேயாகும்.

தறி காலியாகுமோ?

‘பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பினால் தறியில் உட்கார ஆள் ஏது?’ என்று மூத்த நெசவாளர் கேட்பது நியாயமே. 2009-10-இல் எடுத்த கைத்தறிக் கணக்கில் நாடு முழுவதும் 43.31 லட்சம் பேர் இத்தொழிலில் இருந்தனர். 2019-20 கணக்கில் அது 35.22 லட்சமாகக் குறைந்தது. ஆனால் இக்குறைவு ‘நான் முதல்வன்’ தோன்றுவதற்கு முன்னரே நேர்ந்தது என்பதை மறத்தலாகாது. தறியைக் காலியாக்கியது படிப்பன்று. நாள் முழுதும் மிதித்தும் குடும்பம் நடத்தப் போதாத கூலியே.

பயிற்சி பெற்ற இளைஞன் தறிக்குப் பகைவனல்லன், துணைவனாகலாம். ஜக்கார்டு வடிவத்தை இன்று கணினியில் வரைகின்றனர். சாயத்தின் அளவு பிசகினால் ஒரு பாவே வீணாகிறது. நெய்த சேலையைப் படம் பிடித்து வெளியூர் வாங்குவோருக்குக் காட்டி விற்க ஒருவர் வேண்டும். இவற்றை முறையாகக் கற்க விரும்புவோருக்குச் சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது.

உழவர்க்கும் இதுவே பொருந்தும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நாளில் மோட்டார்க் காயில் எரிந்துவிட்டால், அதனைக் கழற்றி வண்டியிலேற்றி நகரத்துக்குக் கொண்டு போகிறோம். காயில் கட்டி மீளும் வரை நாற்று வாடுகிறது. ஊரிலேயே மோட்டார் கட்டத் தெரிந்த வாலிபர் ஒருவர் இருந்தால் அவருக்கும் பிழைப்பு. நமக்கும் பயிர் பிழைக்கும்.

சங்க அலுவலகத்துக்கும் இளைஞர் தேவை. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு இசைவளித்தது. கணக்கு கணினிக்கு மாறுங்கால் அதனைப் படித்துக் கேள்வி கேட்க வல்ல அங்கத்தினர் நமக்கு வேண்டும். மகாசபைக் கூட்டங்களில் நாம் காண்பதோ பெரும்பாலும் நரைத்த தலைகளே.

சங்கங்கள் செய்யத் தக்கவை

நிர்வாகக் குழுக்கள் பின்வருவனவற்றைப் பெருஞ்செலவின்றிச் செய்யலாம்.

1. அங்கத்தினர் குடும்பங்களில் 14 முதல் 35 வயது வரை உள்ளோரின் பெயர், படிப்பு, விருப்பம் ஆகியவற்றைக் குறித்து ஒரு தனி ஏடு வைத்தல். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.

2. பத்தாம் வகுப்பு முடிவு வெளியானவுடன் அவ்வேட்டைப் பார்த்து, தேறியோர் வீட்டுக்கும் தவறியோர் வீட்டுக்கும் ஆள் அனுப்புதல். சேர்க்கைக்கான நாள்கள் சிலவே; அவை கடந்தால் ஓராண்டு போயிற்று. தவறியவருக்குத் துணைத்தேர்வு உண்டென்பதையும் சொல்லுதல் வேண்டும்.

3. திருவள்ளூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அவ்வப்போதைய பயிற்சி அறிவிப்புகளையும் அன்று நடைமுறையிலுள்ள விதிகளையும் கேட்டு வாங்கிச் சங்கப் பலகையில் ஒட்டுதல். உதவித்தொகைகளும் வயது வரம்பும் மாறுவனவாதலின், கேட்டறியாது எவருக்கும் வாக்களித்தலாகாது.

4. துணைவிதிகள் இடமளிக்கும் அளவில், பொது நன்மை நிதியிலிருந்து பயிற்சிக்குச் செல்வோரின் பேருந்துச் செலவுக்கோ கருவிகளுக்கோ உதவுதல்.

5. பதினெட்டு வயது நிரம்பித் தகுதியுடையோரை அங்கத்தினராகச் சேர்த்தல். தந்தை உயிரோடிருக்கையில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு எதற்கு என்று கேட்பது பொருந்தாது.

ஓர் எச்சரிக்கை

அரசுத் திட்டத்தின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்போர் எவ்வூரிலும் உண்டு. ‘நான் முதல்வன்’ பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது என்றே அறிவிக்கப்பட்டது. பயிற்சிக்கோ வேலைக்கோ முன்பணம் கேட்கும் எவரையும் நம்ப வேண்டாம். அசல் சான்றிதழ்களை எவரிடத்தும் விட்டு வைத்தல் கூடாது. காட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டும். பெண்களை வெளியூர்ப் பயிற்சிக்கு அனுப்புமுன் தங்குமிடத்தைப் பெற்றோர் நேரிற் சென்று பார்த்து வருதல் நல்லது. இவ்விஷயங்களில் சங்கச் செயலாளர் உடன் செல்வாராயின் குடும்பத்துக்குத் துணிவு பிறக்கும்.

முடிவுரை

ஐக்கிய நாடுகள் சபை 2025-ஆம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாகக் கொண்டாடிற்று. அவ்வாண்டில் பல ஊர்களில் கொடியேற்றி உரையாற்றினோம். கொடியைக் காட்டிலும் பயன் தருவது மேற்சொன்ன நோட்டுப் புத்தகம். கடன் பாக்கிக்காக ஒரு வீட்டுக்கு மும்முறை செல்லும் சங்கம், அவ்வீட்டுப் பிள்ளையின் எதிர்காலத்துக்காக ஒருமுறையேனும் செல்ல வேண்டாமா? பிள்ளை தொழில் கற்று நிலைத்த வீட்டில் கடன் பாக்கி நிற்பதும் குறையும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து, தீர்மானம் நிறைவேற்றி, அதே வாரத்தில் வேலையைத் தொடங்குமாறு எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.