பெட்டிக்குள் ஒன்றும் இல்லை! இறக்கியது 30 ஆயிரம் தடவை!

ஒரு பெட்டி. உள்ளே சரக்கு எதுவும் இல்லை. ஆனால் மூன்றே மாதத்தில் 30 ஆயிரம் தடவைக்கு மேல் அதை இறக்கிக்கொண்டார்கள்!

இது மரப்பெட்டி அல்ல. கம்ப்யூட்டரில் 'டவுன்லோடு' செய்யும் பெட்டி. அதை இறக்கும் இடமோ, புரோகிராம் எழுதும் கெட்டிக்காரர்கள் வந்து போகும் இடம். 2024-ம் ஆண்டில் இந்த விஷயம் வெளியே வந்தது.

வேப்பங்காய்

மிக்சி வாங்கினால் கூடவே ஒரு சிறு புத்தகம் தருகிறார்கள். மூடியை எப்படித் திருப்புவது, எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று அதில் இருக்கும்.

கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் அப்படி ஒரு குறிப்பு வேண்டும். முதலில் எந்தப் பெட்டியை இறக்குவது, என்ன கட்டளை கொடுப்பது, தகராறு செய்தால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் பலருக்கு இந்த வேலை வேப்பங்காய்! புரோகிராமை விடிய விடிய எழுதுவார்கள். குறிப்பு எழுதச் சொன்னால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார்கள். எழுதியவருக்கு எல்லாம் தெரியும். புதிதாக வருகிறவர்தான் திண்டாடுவார்.

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தது. அதன் பிறகு இந்த வேலையை 'ஏ.ஐ.' என்னும் செயற்கை அறிவிடம் தள்ளத் தொடங்கினார்கள். "குறிப்பு எழுது" என்றால் போதும். நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிறது. தலைப்பு, வரிசை எண், உதாரணம் எல்லாம் கச்சிதம். அரைகுறையாகக் கிடந்த எத்தனையோ குறிப்புகள் இதனால் முழுமை பெற்றன. அதை மறுப்பதற்கில்லை.

இல்லாத பெயர்

ஆனால் ஒரு சங்கடம். ஓட்டிப் பார்க்கச் சொன்னால் ஒழிய, ஏ.ஐ. புரோகிராமை ஓட்டிப் பார்த்து எழுதுவது இல்லை. ஏராளமாகப் படித்திருக்கிறது. அடுத்து என்ன சொல் வரும் என்று கணித்து எழுதுகிறது. "தெரியாது" என்று சொல்லும் பழக்கம் அதற்குக் குறைவு.

பார் லன்யாடோ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் இதைச் சோதிக்க நினைத்தார். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு ஒரு பொதுக் கிடங்கு உண்டு. யார் வேண்டுமானாலும் அதில் பெட்டி வைக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

எதை இறக்க வேண்டும் என்று ஏ.ஐ.யிடம் அவர் கேட்டார். 'ஹக்கிங்பேஸ்-சிஎல்ஐ' என்று திரும்பத் திரும்ப ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரில் அப்போது கருவி இருந்தது. பெட்டி இல்லை! கருவி இருந்த பெட்டியின் பெயர் 'ஹக்கிங்பேஸ்-ஹப்'. கருவியின் பெயரையே பெட்டிக்கும் சூட்டிவிட்டது ஏ.ஐ.!

லன்யாடோ அதே பெயரில் ஒரு வெறும் பெட்டியைக் கிடங்கில் வைத்தார். அதைத்தான் 30 ஆயிரம் தடவை இறக்கினார்கள். சீனாவின் அலிபாபா நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சிப் புரோகிராமின் குறிப்பிலும், "இதை இறக்குங்கள்" என்று அந்தப் பெயர் இருந்தது!

திருடன் முந்தியிருந்தால்?

வைத்தவர் நல்லவர். ஒரு திருடன் முந்தியிருந்தால்? பாஸ்வேர்டைக் களவாடும் புரோகிராமை உள்ளே ஒளித்திருப்பான். இறக்கியவரின் கம்ப்யூட்டரில் அது குந்தியிருக்கும். அவர் எழுதிக் கொடுக்கும் புரோகிராம் வழியாக பாங்கிக்குள்ளும் ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்திருக்கலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 16 ஏ.ஐ.களிடம் 5 லட்சத்து 76 ஆயிரம் புரோகிராம் துண்டுகளை எழுதி வாங்கினார்கள். அவற்றில் இருந்த கற்பனைப் பெயர்கள் எத்தனை தெரியுமா? 2 லட்சத்து 5 ஆயிரத்து 474! 2025-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியானது.

ஜாக்கிரதையானவர்கள் ஏ.ஐ. எழுதிய குறிப்பை அப்படியே வெளியிடுவது இல்லை. அந்தப் புரோகிராமைப் பார்த்தே இராத ஒருவரைப் புதுக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைக்கிறார்கள். குறிப்பில் உள்ளபடி ஒவ்வொரு வரியாக அவர் செய்கிறார். எங்கே முட்டுகிறதோ அங்கே திருத்துகிறார்கள்.

பெட்டி கிடங்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. லன்யாடோவின் வெறும் பெட்டியும் கிடங்கில்தானே இருந்தது! வைத்தவர் யார், என்றைக்கு வைத்தார் என்றும் பார்த்த பிறகே இறக்குகிறார்கள்.