பிரபஞ்சத்தின் வயதும் அளவுகோலின் அரசியலும்

பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். இந்த எண்ணுக்கு நம் சூழலில் இரண்டு எதிர்வினைகளைப் பார்க்கிறேன். 'விஞ்ஞானமே சொல்லிவிட்டது' என்று கும்பிடு போடுவது ஒன்று. 'இதுவும் ஒரு கதையாடல்தானே' என்று உதட்டைப் பிதுக்குவது மற்றொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். இந்த எண் யார் உழைப்பில், எந்த வழியாக வந்தது என்று இருவருமே கேட்பதில்லை.

கணக்கு எளிமையானதுதான். நம்மைவிட்டு விலகும் காலக்ஸியின் ஒளி, நிறமாலையில் சிவப்புப் பக்கமாக நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதுவே வேகத்தைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் லோவல் ஆய்வகத்தின் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் இதை அளந்துவந்தார். தூரமும் தெரிந்தால், தூரத்தை வேகத்தால் வகுக்க வேண்டியதுதான். எல்லாம் நெருங்கியிருந்த காலம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். சிக்கல் முழுக்கத் தூரத்தில்தான். ஒரு நட்சத்திரம் மங்கலாகத் தெரிவது தொலைவினாலா, அதன் இயல்பே அப்படியா?

இதற்கு வழி திறந்தவர் ஹென்ரியெட்டா லீவிட். ஹார்வர்டு வானாய்வகத்தில் புகைப்படத் தகடுகளைப் பார்த்துக் கணக்கிடும் பெண்களில் ஒருவர்; கூலி மணிக்கு 30 சென்ட். சிறிய மெகல்லன் மேகத்தில் ஒளி கூடிக் குறையும் 25 நட்சத்திரங்களை ஆராய்ந்து, பிரகாசம் கூடக்கூடத் துடிப்பின் காலமும் நீள்வதைக் கண்டார். துடிப்பை அளந்தால் அசல் பிரகாசம் தெரியும். அசலையும் கண்ணுக்குத் தெரிவதையும் ஒப்பிட்டால் தூரம் தெரியும். 1912இல் அறிக்கை வந்தது, இயக்குநர் பிக்கரிங்கின் கையொப்பத்தோடு. லீவிட் தயாரித்தது என்ற குறிப்பு உள்ளே இருந்தது, அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை எட்வின் ஹப்பிள் காலக்ஸிகளுக்கு நீட்டினார். தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று 1929இல் காட்டினார். பிரபஞ்சம் விரிகிறது என்ற முடிவைப் பெல்ஜியத்தின் லெமெத்ர் 1927லேயே எழுதியிருந்தார். ஹப்பிளோடு சேர்ந்து வேகங்களை அளந்த மில்டன் ஹியூமசன், மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சாமான் ஏற்றிப்போனவர். பிறகு அந்த ஆய்வகத்தின் துப்புரவாளர். 2018இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து, 'ஹப்பிள்-லெமெத்ர் விதி' என்ற பெயரைப் பரிந்துரைத்தது. லீவிட்டும் ஹியூமசனும் அதில் இல்லை.

இதுவரை கதையாடல்காரர் சொல்வது சரி. இனிமேல்தான் அவருக்குச் சங்கடம். ஹப்பிளின் கணக்குப்படி 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு விநாடிக்கு 500 கிலோமீட்டர் வீதம் வேகம் கூடியது. வகுத்தால் வயது 200 கோடி ஆண்டுகள். பூமியின் பாறைகளோ, கதிரியக்கக் கணக்கில், 300 கோடியைத் தாண்டின. தாயைவிட மகள் மூத்தவள்! ஹப்பிளின் புகழ் பாறைகளிடம் எடுபடவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் வால்டர் பாடே. ஜெர்மன் குடிமகன் என்பதால் போர்க்கால ராணுவ ஆராய்ச்சியில் சேர்க்கப்படாமல் மலையிலேயே இருந்தார். கீழே லாஸ் ஏஞ்சல்ஸ் இருட்டடிப்பில் கிடக்க, ஆண்ட்ரோமெடாவின் நட்சத்திரங்கள் இரு வகை என்று பிரித்தறிந்தார். துடிக்கும் நட்சத்திரங்களிலும் இரு வகை கலந்துபோயிருந்தன. 1952இல் ரோம் மாநாட்டில் அவர் இதை அறிவித்ததும் தூரங்கள் இரட்டித்தன, வயதும் இரட்டித்தது. 1958இல் ஆலன் சாண்டேஜ் அந்த 500ஐ 75 அளவுக்கு இறக்கினார்.

இன்றும் வழக்கு முடியவில்லை. துடிக்கும் நட்சத்திரங்களையும் சூப்பர்நோவாக்களையும் படிகளாக வைத்து ஏறினால் 73. ஆதி ஒளியின் எச்சத்தை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 கணக்கில் 67.4. விரிவின் வேகம் காலந்தோறும் மாறியதையும் சேர்த்துக்கொண்டு, இந்த இரண்டாம் வழியில் வந்ததே 1,380 கோடி. இரு தரப்பும் தம் பிழைகளைத் துருவிப் பார்த்தும் இடைவெளி மூடவில்லை.

அதிகாரம் லீவிட்டின் பெயரை ஓரங்கட்ட முடிந்தது. நட்சத்திரத்தின் துடிப்பை ஒரு நாள்கூட மாற்ற முடியவில்லை. அறிவைப் பற்றிப் பேசும் நம் கோட்பாடுகள் இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே சுமக்க வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு நடப்பது சுலபம். ஆனால் தூரம் போகாது.