தகவல் கேட்காதீர்கள், அபிப்பிராயம் கேளுங்கள்

"பாட்டி, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்!"

ஞாபகம் தப்பிய முதியவர் இருக்கும் வீட்டுக்கு வரும் உறவினர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் பாட்டிக்கு அது பரீட்சை. விடை தெரியவில்லை என்பது நாலு பேர் முன்னால் அம்பலமாகிற பரீட்சை. சிலர் சங்கடமாகச் சிரித்து மழுப்புவார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். வந்தவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் வந்துபோனதே பத்து நிமிடத்தில் பாட்டிக்கு மறந்துவிடும். மனதில் ஏறிய சங்கடம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

இதை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2014-ல் வெளிவந்த அந்த ஆய்வில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்கும், நோய் இல்லாத 17 பேருக்கும் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் சுமார் 20 நிமிடம் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது நோயாளிகளுக்கு மிகச் சொற்பமே நினைவிருந்தது. ஒருவருக்குப் படம் பார்த்ததே நினைவில்லை. ஆனால் படம் கிளப்பிய உணர்ச்சி அரை மணி நேரம் வரையிலும் அவர்களிடம் நீடித்தது. படத்தை எவ்வளவு மறந்தார்களோ, சோகம் அவ்வளவு நீண்டது. காரணம் தெரிந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். காரணம் மறந்த துக்கத்தை எப்படித் தேற்றுவது?

மூளையில் நினைவு என்பது ஒரே இடத்தில் இருக்கும் ஒரே சரக்கு அல்ல. இன்று காலை என்ன சாப்பிட்டோம், யார் வந்தார்கள் என்பதைப் பதிவுசெய்ய ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி வேண்டும். அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் புதிய சேதி தங்குவதில்லை. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை ஆழமாகப் பதிந்தவை, அவை தாக்குப்பிடிக்கின்றன. கைப்பழக்கத்தைக் காக்கும் பகுதிகள் வேறு, பூ தொடுக்கும் விரல்களுக்கு ஹிப்போகேம்பஸின் தயவு தேவையில்லை. பழகிய பாட்டின் நினைவோடு தொடர்புள்ள பகுதிகளை அல்சைமர் ஒப்பீட்டளவில் குறைவாகவே அரிக்கிறது என்று ஜெர்மனியின் லைப்ஸிக் நகர ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். மகன் பெயரை மறந்த தாய் தாலாட்டை முழுதாகப் பாடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், அல்சைமர் உள்ளிட்ட டிமென்ஷியா என்னும் மறதி நோய்களோடு வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. டோனெப்பசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயைக் குணப்படுத்தாது. அப்படியென்றால் மீதிக் காலத்தை எப்படி நிரப்புவது என்பதும் சிகிச்சைதான்.

லண்டனில் எய்மி ஸ்பெக்டரும் மார்ட்டின் ஓரலும் உருவாக்கிய 'அறிதிறன் தூண்டல் சிகிச்சை' இதற்கு நல்ல உதாரணம். சிறு குழுவாக உட்கார்ந்து, வாரம் இரண்டு முறை, தலா 45 நிமிடம், மொத்தம் 14 அமர்வுகள். பாட்டு, சாப்பாடு, சிறுவயது, பணம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு விஷயம். 201 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2003-ல் வந்தது. மருந்துகளோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு அறிதிறனில் பலன் தெரிந்தது, வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆராய்ச்சி நிறுவனத்தினர் இதைத் தமிழ் முதியவர்களுக்கு ஏற்றபடி மாற்றியமைத்திருக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சையின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: தகவல் கேட்காதே, அபிப்பிராயம் கேள். பழைய படம் ஒன்றைக் காட்டி "இது யாரு?" என்றால் தோற்கும் வாய்ப்புதான் அதிகம். "எம்ஜிஆர் படம் பிடிக்குமா, சிவாஜி படமா?" என்று கேட்டால் தப்பான விடையே கிடையாது. வீட்டிலும் இதையே செய்யலாம். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பதைவிட "வத்தக்குழம்புக்குச் சுண்டக்காய் நல்லாருக்குமா, மணத்தக்காளியா?" என்பது எவ்வளவோ மேல். உள்ளே நுழையும்போதே "பாட்டி, நான் செல்வி, உங்க பேத்தி" என்று சொல்லிவிடுங்கள்.

இதைவிடக் கடினமானது வேறொன்று. "அப்பா ஏன் இன்னும் வரல?" என்று அம்மா வாசலைப் பார்க்கிறார். "அவர் செத்து அஞ்சு வருஷமாச்சும்மா" என்று ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்வது நேர்மை என்று நினைக்கிறோம். அவருக்கோ ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவு. சேதி மறந்துபோகும், துக்கம் மட்டும் தங்கிவிடும். "அப்பாவை நினைச்சுட்டீங்களா? அவர் வாங்கித் தந்த புடவைன்னா உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமா?" என்று பேச்சை அப்பா பக்கமே கொண்டுபோகலாம். இதில் பொய் எதுவும் இல்லை.

கைக்கும் வேலை வேண்டும். கீரை ஆய்வது, புளியில் கொட்டை எடுப்பது, துணி மடிப்பது, பல்லாங்குழி. ஆய்ந்த கீரையில் தண்டும் புல்லும் கலந்திருந்தால் போகட்டும், அவர் கண்ணெதிரே மறுபடி ஆயாதீர்கள். "உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வதை நாம் மரியாதை என்கிறோம். நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது தண்டனை.

எல்லா மறதியும் டிமென்ஷியா ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் ஞாபகத்தைக் குலைக்கும், இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. திடீரென ஓரிரு நாளில் குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம். வயசானா இப்படித்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவையும் யார் செய்வது? பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு மகள் அல்லது மருமகள். இரவில் அவருக்குத் தூக்கமில்லை, கல்யாணம் காட்சிக்குப் போக வழியில்லை. அவர் பொறுமையிழந்து கத்தினால் அது குணக்கேடு அல்ல, களைப்பு. மாதாமாதம் பணம் அனுப்பும் அண்ணன் தம்பிகளே, அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வருடத்தில் ஒரு வாரமாவது வந்து அம்மாவை நீங்கள் பார்த்துக்கொண்டு, அந்தப் பெண்ணை எங்காவது போய் நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.