காயமுற்ற பின்கள வீரரின் இடம்

உதைபந்தாட்டத்தில் கோல் போட்டவரின் பெயர் அன்றிரவே ஊர் முழுவதும் பரவிவிடும். கோல் விழாமற் காத்தவரின் பெயரை மறுநாட் காலையில் நினைப்பவர் சிலரே. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோர ஊர்களிலே இவ்வழக்கத்துக்கு ஒரு விலக்கு உண்டு. நாவாந்துறை, குருநகர், பாசையூர், மயிலிட்டி ஆகிய ஊர்களில் இவ்வாட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய முதியோர், தம் அணி மைதானத்தில் இறங்கும்போது முன்வரிசையை நோக்குமுன் பின்வரிசையையே நோக்குவர். அங்கே அவர்கள் தேடுவது ஒரு குறிப்பிட்ட வீரரை. வலப்பக்கத்தில் நிறுத்தினாலும் இடப்பக்கத்தில் நிறுத்தினாலும் நடுவில் நிறுத்தினாலும் ஒரே நிதானத்துடன் ஆடக்கூடியவர் அவர். அவர் இருக்கின்றார் என்று கண்டபின்னரே முதியோர் வெற்றிலையை மடிப்பர்.

அத்தகைய ஒருவர் காயமுற்று வெளியேறிவிட்டால் அணி என் செய்வது? எளிதான வினாப்போலத் தோன்றுகின்றது. அவருடைய இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டால் முடிந்தது எனப் பலர் எண்ணுவர். ஆனால் அவருடைய இடம் எது என்பதே இங்குச் சிக்கல். அவர் தம் இடத்தைக் காப்பதோடு அயலில் நிற்பவரின் பிழையையும் மூடுகின்றார். வலப்பக்கத்து இளைஞன் பந்துடன் துணிந்து முன்னேறுவதற்குக் காரணம் அவனுடைய வேகம் மட்டுமன்று. தான் விட்டுச் சென்ற வெளியைப் பின்னால் நிற்கும் அண்ணன் அடைத்துக்கொள்வார் என்ற தைரியமே பெருங்காரணம். அண்ணன் வெளியேறியதும் அவ்விளைஞன் தயங்குகின்றான். முன்வரிசைக்குப் பந்து செல்வது குறைகின்றது. கோல் காப்பாளரோ எவரை அழைப்பது என்றறியாமல் தாமே முன்னோடி வருகின்றார். ஒருவர் காயமுற்றார், நால்வரின் ஆட்டம் கெட்டது.

குடாநாட்டில் அணிக்கு 9 பேர், 7 பேர் என ஆடப்படும் சுற்றுப்போட்டிகளும் பல. ஆட்கள் குறையக் குறைய ஒவ்வொருவரும் காக்கவேண்டிய நிலம் விரிகின்றது. 11 பேர் ஆட்டத்தில் ஒருவர் இல்லாமை வடுவாகத் தெரியும். 7 பேர் ஆட்டத்தில் அது பெரும் வாயிலாகவே திறந்துவிடும்.

காயமுற்றவருக்கு மாற்றாக இன்னொருவரை இறக்கும் உரிமை இவ்வாட்டத்துக்குப் பிற்காலத்திலேயே வந்தது என்பதை இளைய நேயர்கள் பலர் அறியார். இங்கிலாந்தின் லீக் போட்டிகளில் 1965 ஆம் ஆண்டுவரை மாற்று வீரர் என்ற பேச்சே இல்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 21 ஆந் திகதி, சால்டன் அணியின் கீத் பீக்கொக் என்பவர் காயமுற்ற கோல் காப்பாளர் வெளியேறியதனால் உள்ளே வந்தார். அங்கு லீக் போட்டியொன்றில் இறங்கிய முதல் மாற்று வீரர் அவரே. உலகக் கிண்ணத்தில் இவ்வுரிமை 1970 இல்தான் கிடைத்தது. அதற்கு முன்னர், கால் நொந்தவர் நொண்டிக்கொண்டு ஏதேனும் ஓர் ஓரத்தில் நிற்பார்; எஞ்சியோர் அவருடைய வேலையைப் பகிர்ந்துகொள்வர். 1958 உலகக் கிண்ண அரையிறுதியில் பிரான்சின் நடுப் பின்கள வீரர் றொபேட் ஜொன்கே, ஆட்டம் சமநிலையில் இருந்தபோது கால் எலும்பு முறிந்தும் அவ்வாறே நின்றார். பிறேசில் அணி 5-2 என வென்றது.

அக்காலத்து இடமாற்றம் எப்படி நடந்தது என்பதை 1957 ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதிப் போட்டி நன்கு காட்டும். மன்செஸ்டர் யுனைட்டட் அணியின் கோல் காப்பாளர் ரே வூட், ஆட்டம் தொடங்கிய 6 ஆம் நிமிடத்தில் அஸ்டன் வில்லாவின் பீற்றர் மக்பார்லண்டுடன் மோதிக் கன்ன எலும்பு உடைந்தார். நடுப் பின்களத்தில் நின்ற ஜக்கி பிளாஞ்ச்பிளவர் கோல் கம்பங்களுக்கிடையே சென்றார். அவர் விட்ட இடத்துக்கு இருபதே வயதான டங்கன் எட்வேட்ஸ் நகர்ந்தார். எட்வேட்ஸ் எங்கு நிறுத்தினும் ஆடவல்லவர். அவர் இல்லாதிருப்பின் அன்று தோல்வி இன்னும் பெரிதாயிருக்கும். ஆயினும் அவர் நகர்ந்ததனால் நடுக்களம் அவரை இழந்தது. மக்பார்லண்டே இரு கோல்களையும் போட, யுனைட்டட் 2-1 எனத் தோற்றது.

எனினும் நம் அயலிலே, தமிழர் பலரும் பெருமையுடன் நினைவுகூரவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் நிகழ்ந்தது. இந்திய அணியின் பயிற்றுநர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் றகீம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். வகுப்பறையில் எந்தப் பிள்ளையை எந்த வாங்கில் இருத்தினால் வகுப்பு நடக்கும் என்று கணிக்கும் கண், மைதானத்திலும் அவருக்கு உதவியிருக்கவேண்டும்.

இந்திய அணி முதலாவது போட்டியிலேயே தென் கொரியாவிடம் 2-0 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என வென்றது. ஆனால் அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. பின்களத்தின் தூணாக விளங்கிய பஞ்சாப் வீரர் ஜர்னைல் சிங் நெற்றியில் அடிபட்டுத் தையலிடப்பட்டார். யப்பானுக்கு எதிரான அடுத்த போட்டியில் அவர் ஆடவில்லை. அவரின்றியே அணி 2-0 என வென்றது. பின்களத்தின் நடுப்பகுதி அருண் கோஷிடம் சென்றது. அவர் அதனைத் தாங்கிக்கொண்டார்.

இங்கேதான் றகீமின் தீர்மானம் கவனிக்கத்தக்கது. அரையிறுதிக்கு ஜர்னைல் சிங் ஆட இயலும் என்றானது. வேறொரு பயிற்றுநராயின் அவரைப் பழைய இடத்துக்கே அனுப்பி, அருண் கோஷை மறுபடியும் நகர்த்தியிருப்பார். றகீம் அவ்வாறு செய்யவில்லை. ஒருமுறை அடைபட்ட ஓட்டையை மீண்டும் கிளறாது, காயமுற்ற தூணை முன்களத்தின் நடுவே நிறுத்தினார். பின்களத்தில் நிற்பவர் எதிரியின் உதைக்கு ஏற்ப ஒவ்வொரு பந்துக்கும் தலையைக் கொடுத்தேயாகவேண்டும். முன்களத்தில் நிற்பவர் தம் மோதலை ஓரளவுக்குத் தாமே தேர்ந்துகொள்ளலாம். ஜர்னைல் சிங் உடல்வலிமை மிக்கவர். எதிரணிப் பின்களத்தாருக்கு அவரைச் சமாளிப்பதே ஒரு தனி வேலையாயிற்று.

அரையிறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3-2 என வென்றது. அவற்றுள் ஒரு கோல் ஜர்னைல் சிங்கினுடையது. செப்டெம்பர் 4 ஆந் திகதி நடந்த இறுதிப் போட்டியில் மீண்டும் தென் கொரியா. இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவிற் சேர்க்காததையொட்டி எழுந்த சர்ச்சையினால், அரங்கில் நிறைந்திருந்த பெருங்கூட்டம் இந்திய அணிக்கு எதிராகவே கூக்குரலிட்டது. 17 ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். 20 ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் மற்றொன்று போட்டார். கோல் கம்பங்களுக்கிடையே, நோய் நீங்கி அப்போட்டிக்குத் திரும்பியிருந்த பீற்றர் தங்கராஜ் நின்றார். இறுதி நிமிடங்களில் கொரியா ஒன்றைத் திருப்பியது, அவ்வளவே. இந்தியா 2-1 என வென்று தங்கப்பதக்கம் பெற்றது. றகீமை அப்போதே புற்றுநோய் பற்றியிருந்தது. மறு ஆண்டு யூன் மாதத்தில் அவர் காலமானார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டு மகிழாதார் இல்லை. ஆயினும் இதனுள் மனத்தை நெருடும் ஒன்றும் இருக்கின்றது. தையலிட்ட நெற்றியுடன் ஒருவரை ஆடவிட்டது சரியா? தலையில் விழும் அடி தோலைக் கிழிப்பதோடு நிற்பதில்லை, மூளையும் குலுங்குகின்றது. அதன் விளைவு மணித்தியாலங்கள் கழித்தும் தோன்றலாம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கின்றார்கள். மூளை அதிர்ச்சிக்கென வழக்கமான எண்ணிக்கைக்கு மேலாக ஒரு மாற்று வீரரை இறக்கும் முறை 2021 இல் சோதனையாகத் தொடங்கி, 2024 இல் ஆட்டச் சட்டங்களிலேயே இடம்பெற்றது. இன்று ஒரு பயிற்றுநர் றகீமைப் போலத் தீர்மானிக்க விரும்பினும் வைத்தியர் குறுக்கே நிற்பார், நிற்கவும் வேண்டும். இடமாற்றத்தில் றகீமின் கூர்மையைக் கற்கலாம். தையலிட்ட தலையை மைதானத்துக்கு அனுப்பியதைப் பின்பற்றலாகாது.

றகீம் காட்டிய வழிக்கு நேர்மாறானது எப்படி முடியும் என்பதை அண்மைக் காலத்து லிவர்பூல் அணி காட்டியது. 2020 ஒக்டோபர் 17 ஆந் திகதி எவேர்டன் அணியுடனான போட்டியில் அதன் பின்களத் தலைவர் வேர்ஜில் வன் டைக் முழங்கால் இணைப்புநார் சிதைந்து வெளியேறினார். அடுத்த மாதம் ஜோ கோமஸ் காயமுற்றார். பின்னர் ஜோயல் மற்றிப்பும் விழுந்தார். பயிற்றுநர் யேர்கன் குளொப், நடுக்கள வீரர் பபீனியோவைப் பின்களத்துக்கு இழுத்தார். பபீனியோ அங்கே திறமையாகவே ஆடினார். எனினும் அவர் போனதனால் நடுக்களத்தின் கதவு கழன்றது. அணித் தலைவர் ஹென்டர்சனையும் பின்னே இழுத்தபோது நடுக்களம் மேலும் மெலிந்தது. 2021 தொடக்கத்தில் அவ்வணி தன் சொந்த மைதானத்தில் தொடர்ச்சியாக 6 லீக் போட்டிகளில் தோற்றது. பின்னர் பபீனியோ தம் பழைய இடத்துக்குத் திரும்பினார். பின்களத்தைப் பெயர் பெறாத நற் பிலிப்ஸ், றீஸ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் இருவர் ஏற்றனர். அவர்கள் வன் டைக்கின் பாதியளவு திறமையுடையோர் என்றுகூட எவரும் சொல்லார். ஆனால் எஞ்சிய அனைவரும் தத்தம் இடத்தில் நின்றனர். லிவர்பூல் 3 ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது.

ஒருவர் குறைந்தால் இயன்றளவு குறைவானோரையே நகர்த்துதல் நன்று என்பது இவ்விரு கதைகளாலும் பெறப்படும். பல இடத்தில் ஆடவல்லவர் வீழ்ந்தால், அவரைப் போன்ற இன்னொருவரைத் தேடி அலைவதில் பயனில்லை. அத்தகையோர் ஓர் ஊரில் ஒரு காலத்துக்கு ஒருவரே பிறப்பர். அவருடைய வேலையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். உயரப் பந்தை யார் எடுப்பது? பின்னால் நின்று கூவி அழைப்பது யார்? வலப்பக்கத்து இளைஞன் முன்னேறும்போது வெளியை அடைப்பது யார்? மூன்றையும் ஒருவர்மேற் சுமத்தாமல் பங்கிட்டுவிட்டால், புதிதாக வரும் பையன் தன் முன்னால் வருபவனைக் கவனித்தாற் போதும். இப்பங்கீட்டைப் போட்டி நாளன்று மைதான ஓரத்தில் நின்று செய்ய முடியாது. பயிற்சி மாலைகளிலே, அண்ணன் சுகமாயிருக்கும்போதே, அவரை ஒரு பக்கம் இருத்திவிட்டு மற்றவர்களை ஆடவிட்டுப் பார்க்கவேண்டும். குடாநாட்டுக் கழகங்களில் இது அரிதாகவே நடைபெறுகின்றது; சிறந்தவரை வெளியே இருத்த எவருக்கும் மனம் வருவதில்லை.

காயமுற்றவரின் பக்கத்தையும் நோக்கவேண்டும். குடாநாட்டு நிலம் சுண்ணாம்புப் பாறையின்மேற் படிந்த மண். 2016 இல் புதுப்பிக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கைப் போன்ற இடங்களை விட்டால், ஊர் மைதானங்கள் பலவும் கோடையில் இறுகிக் கல்லாகிவிடும். அங்கே விழுகின்ற முழங்கால் எளிதில் எழுவதில்லை. இணைப்புநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்தவர் மீண்டும் போட்டியில் ஆட 9 மாதங்களேனும் செல்லும் என்பது பொதுவான கணக்கு. உலகின் சிறந்த வைத்தியர்கள் சூழ இருந்தும் வன் டைக் அப்பருவம் முழுவதும் ஆடவில்லை. ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளிலிருந்தும் விலகிக்கொண்டார். அவர் ஆடாத மாதங்களிலும் அவருக்குச் சம்பளம் உண்டு. கரையோர ஊரின் பின்கள வீரர் அதிகாலையில் வலை இழுப்பவர். அல்லது மேசன் வேலைக்குப் போகின்றவர். அவருடைய முழங்கால் நின்றால் அடுப்பும் நின்றுவிடும். இறுதிப் போட்டி நெருங்கும்போது துணிக்கட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாற் போதும் என்று வீட்டு வாயிலில் நின்று வேண்டுவோர், அவருடைய மனைவி எதனை எண்ணி மௌனமாயிருக்கின்றாள் என்பதை அறிவதில்லை. அவரும் மறுக்கமாட்டார்; மறுத்தால் ஊருக்குத் துரோகம் செய்தவர் ஆகிவிடுவோமோ என்ற அச்சம் அவருக்கு. மறுக்கும் பொறுப்பைக் கழகத்தின் நிருவாகசபையே ஏற்கவேண்டும். சுற்றுப்போட்டிக்குக் கிண்ணமும் சீருடையும் வாங்கக் கணக்கெழுதும் அதே கொப்பியில், அவருடைய வைத்தியச் செலவுக்கும் அவர் வேலைக்குப் போகாத நாட்களின் கூலிக்கும் ஒரு வரி ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதப்படுமாயின், அவர் இறுதிப் போட்டியைக் கட்டையில் அமர்ந்து பார்க்கலாம்.