ஹார்னுக்குள் ஒரு கை

சிம்பொனி இசைக்குழுவில் டிரம்பெட்காரர் வாத்தியத்தின் வாயை நேரே நம்மைப் பார்த்துத் திருப்பியிருப்பார். பிரெஞ்சு ஹார்ன்காரரோ அதைப் பின்பக்கம் திருப்பி, வலது கையையும் உள்ளே விட்டிருப்பார்.

சுருட்டி வைத்த அந்தப் பித்தளைக் குழாயை நீட்டினால் சுமார் 12 அடி வரும். வால்வு இல்லாத வெறும் குழாயில் நினைத்த ஸ்வரத்தையெல்லாம் ஊத முடியாது. உதட்டை இறுக்க இறுக்க, ஒலி படி தாண்டி ஏறும்: அடியில் ச, அடுத்து மேல் ச, பிறகு ப, மறுபடி ச, அந்தர காந்தாரம், ப. அதிர்வெண்கள் 1, 2, 3, 4, 5, 6 மடங்காக உயர்வதால் வரும் வரிசை இது. ஏழாவது படி கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். பதினொன்றாவது இன்னும் விசித்திரம். சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே விழும்.

ஹார்னை ஊதி வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் அழைக்க இவ்வளவு போதும். இசைக்குழுவுக்குப் போதாது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டிரெஸ்டனில் வாசித்த ஆண்டன் ஹாம்பெலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் உத்தி அப்போது கைகொடுத்தது. வாய்க்குள் கையை விட்டுக் கொஞ்சம் அடைத்தால் சுருதி இறங்கும். விடுபட்ட ஸ்வரங்கள் கிடைக்கும். ஆனால் அவை மூடுண்ட குரலில் ஒலிக்கும்.

ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் இருவரும் 1818இல் பிரஷ்யாவில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். வால்வை அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் ஒன்றைச் சுற்றி வரும். நீளம் கூடும், சுருதி தாழும். எல்லா ஸ்வரமும் ஒரே குரலில் கிடைத்தது. இசையமைப்பாளர் ஷூமான் 1849இல் வால்வு ஹார்னுக்கென்றே எழுதினார். பிராம்ஸோ 1865இல் தம் ஹார்ன் டிரியோவுக்குப் பழைய கைஹார்னையே கேட்டார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி நிறம் வேண்டுமென்றால் அவர் கேட்டது நியாயம்தான்.

வால்வு வந்தும் ஹார்ன் எளிதாகிவிடவில்லை. நீண்ட குழாயின் உச்சிப் படிகளில்தான் அதிகம் வாசிக்க வேண்டியிருக்கிறது. எட்டாவதுக்கு மேல் படிகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால், உதடு துளி பிசகினாலும் பக்கத்து ஸ்வரம் எகிறி வந்துவிடும். தேர்ந்த கலைஞர்களுக்கும் இது நேரும். அவர்கள் துணிச்சலை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்றே தோன்றுகிறது. கட்டைவிரல் வால்வால் சுமார் 9 அடிக் குழாய்க்கு மாறிக்கொள்ளும் இரட்டை ஹார்ன், இந்த ஆபத்தைக் கொஞ்சம் குறைத்தது.

பெஞ்சமின் பிரிட்டன் 1943இல் எழுதிய செரினேடின் முகப்பையும் முடிவையும் வால்வைத் தொடாமலே வாசிக்கச் சொன்னார். அங்கே அந்தப் பதினொன்றாம் ஸ்வரம் யாரும் திருத்தாமல், தன் இடத்திலேயே ஒலிக்கிறது.